மோசமில்லை

நார்வேயின் வடகோடியில், வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்திய ஆறு வாரப் பயிற்சி ஊர் நூலகத்தின் மாடியில் நடந்தது. கீழே சின்னப் பிள்ளைகளின் புத்தகங்கள், மேலே வேலை போனவர்கள். அக்டோபரில் மீன் ஆலையை மூடியபோது முப்பத்தெட்டுப் பேர் தெருவுக்கு வந்தார்கள். பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை உட்காரவைத்து, தங்கள் திறமையையும் அனுபவத்தையும் நார்வேஜிய மொழியில் எப்படி எடுத்துச் சொல்வது என்று கற்றுக்கொடுக்க ட்ரோம்சோ நகரத்திலிருந்து மார்த்தே என்ற பெண் வந்தாள். பிறந்ததிலிருந்து அந்த மொழியைத் தவிர வேறெதுவும் பேசாத ஹில்மாரும் அந்த வகுப்பில் வந்து உட்கார வேண்டியிருந்தது. வராவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். அலுவலகத்துக்கு ஆள் வித்தியாசமெல்லாம் கிடையாது.

அப்ரெஹெத் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எரித்திரியாக்காரி, வயது நாற்பத்து மூன்று. கெரென் நகர மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். நோயாளிகளின் ரத்தத்திலும் மலத்திலும் கிருமியும் புழுவும் தேடுவதுதான் அங்கே அவள் வேலை. நாட்டைவிட்டு ஓடிவந்தபோது சான்றிதழ் எதுவும் கூட வரவில்லை. சான்றிதழ் இல்லாதவளுக்கு இந்த ஊர் கொடுத்தது மீன் ஆலையில் ஒரு விளக்கு மேசை. அடியில் வெளிச்சம் எரியும் கண்ணாடிமேல் காட் மீன் துண்டுகள் வரிசையாக வரும். சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழுவைக் கண்டுபிடித்து இடுக்கியால் பிடுங்கிப் போட வேண்டும். பதினொரு வருஷம் அதைச் செய்தாள். "மைக்ராஸ்கோப்தான் இல்ல, மத்தபடி அதே வேலைதான்" என்று அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு வைத்தபின் அழுததும் உண்டு.

ஆலையில் அவளுக்கு முந்திய மேசை ஹில்மாருடையது. மீனைக் கிழித்துத் துண்டு போடுவதில் நாற்பத்து நான்கு வருஷம் ஓட்டியவன். அவளுக்குப் 'புழுக்காரி' என்று பெயர் வைத்தது அவன்தான். அவளும் சும்மா விடவில்லை, 'கிழவா' என்றுதான் கூப்பிடுவாள். சின்னவர் பெரியவர் எல்லோரும் ஒருவரையொருவர் 'நீ' என்று பேசுகிற ஊரில் அது ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை.

ஹில்மாரிடமிருந்து பாராட்டு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற காரியம். அவன் அகராதியில் உச்சப் பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: 'மோசமில்லை'. கல்யாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்து அதைத்தான் சொன்னானாம். முப்பது வருஷம் கழித்து அவளுடைய கல்லறையில் பூ வைத்துவிட்டு, கூட வந்தவர்களிடம் "மோசமில்லாத மனுஷி" என்றானாம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம், ஹில்மாரே பார்த்துத் தள்ளிவிட்ட ஒரு துண்டில், முதுகெலும்பை ஒட்டி, நூல் கனத்தில் கிடந்த புழுவை அப்ரெஹெத் பிடித்தாள். அவன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். "மோசமில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனான். சுற்றியிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்கள். அன்று அவள் வீட்டுக்குப் போய் ஒரு கேக் சுட்டுத் தனியாக உட்கார்ந்து தின்றாள்.

அவளுக்கு இப்போது ஒரு நிரந்தர வேலை வேண்டும். மகள் வின்தா எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் அக்காவின் வீட்டில் இருக்கிறாள். எல்லையைத் தாண்டி அங்கே வந்து சேரவே அந்தப் பெண்ணுக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குள் தாயின் கையில் நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் இருந்தால் மகளை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். பதினெட்டு முடிந்துவிட்டால் மகள் வளர்ந்தவள், அதாவது வேறு குடும்பம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாலு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை எப்படி வேறு குடும்பம் ஆகும் என்று கேட்டால் அலுவலகத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள்.

நல்லவேளையாக, விரிகுடாவின் அந்தப் பக்கம் ஒரு சால்மன் ஆலை வரப்போகிறது. தரம் பார்க்க ஒரு ஆள் தேவை, நிரந்தர வேலை என்று விளம்பரம் வந்திருந்தது. வகுப்பில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு?

மார்த்தே நல்ல பெண், கொஞ்சம் துள்ளல் அதிகம். பலகையில் பெரிய எழுத்தில் 'ஃப்ளிங்க்' என்று எழுதினாள். கெட்டிக்காரன், கைதேர்ந்தவன் என்று பொருள். "எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணுக்கு நேரா பாத்து, 'நான் இதுல ஃப்ளிங்க்'னு சொல்லணும். வெக்கப்படாம சொல்லணும்" என்றாள்.

"ஃப்ளிங்க்கா?" என்றான் ஹில்மார். "அது நாய் பந்தைத் தூக்கிட்டு வந்தா சொல்றது."

"மனுஷங்களுக்கும் சொல்லலாம், ஹில்மார்."

"சொல்லலாம். அடுத்தவன் சொல்லணும். தன்னைத்தானே சொல்லிக்கிறவன் கையில கத்தியக் குடுக்கமாட்டேன் நான். விரலை வெட்டிக்குவான்."

வகுப்பே சிரித்தது. மார்த்தேயும் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். ஒவ்வொரு திறமைக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்கள். உங்களுக்கு நீங்களே வட்டம் போடுங்கள் என்றாள். அப்ரெஹெத் எட்டிப் பார்த்தாள். 'மீன் வெட்டுதல்' என்பதற்கு எதிரே ஹில்மார் இரண்டில் வட்டம் போட்டிருந்தான்.

"ரெண்டா? நாப்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறமா?" என்று மார்த்தே தலையில் கைவைத்துக்கொண்டாள். "அப்ப அஞ்சு யாருக்கு?"

"அஞ்சு கடவுளுக்கு. அவர்தான் மீனையே செஞ்சாரு."

"சரி, நாலு?"

"எங்க அப்பாவுக்கு. செத்துட்டாரு."

"மூணு?"

ஹில்மார் நிஜமாகவே யோசித்தான். "மூணு போடலாம். வேலை நல்லாத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் வந்தா."

அன்று மாலைவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்ரெஹெத்தும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

விண்ணப்பத்தில், அவளுடைய வேலையைப் பற்றிச் சொல்லக்கூடிய இரண்டு பேரின் பெயர் கேட்டிருந்தார்கள். முதலில் பழைய ஃபோர்மேன் ஸ்டைனாரின் பெயரை எழுதினாள். இரண்டாவதாக, இடம் நிரப்பத்தான், ஹில்மாரின் பெயர். ஸ்டைனார் ஆலை மூடியதும் ஸ்பெயினுக்குப் போய் வெயிலில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறான் என்று கேள்வி. கிடந்தால் என்ன, தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தாள்.

நேர்காணல் ஜனவரி இரண்டாவது வாரம் நடந்தது. வெளியே நண்பகலில்கூடக் கருநீல வெளிச்சம்தான். கட்டி முடியாத ஆலையின் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. மேசையில் ஆலை மேலாளன் யோஸ்தைன் இருந்தான். சுவரில் மாட்டிய திரையில், தெற்கே ஆள் எடுத்துக்கொடுக்கும் நிறுவனத்தின் பெர்னில்லே என்ற பெண் இருந்தாள். உன்னைப் பற்றிச் சொல்லு என்றார்கள்.

அப்ரெஹெத்துக்கு ஒரு காதில் மார்த்தே, சொல்லு சொல்லு என்கிறாள். மறுகாதில் ஹில்மார், நாய், பந்து என்கிறான். பிறகு அவள் வின்தாவை நினைத்தாள். நினைத்ததும் பயம் விட்டுப்போனது.

"நான் இந்த வேலையில ஃப்ளிங்க்" என்றாள். "பதினோரு வருஷத்துல நான் பாத்து அனுப்பின மீன் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. வேணும்னா பழைய பதிவேட்டைப் பாருங்க. புதுசா வந்தவங்களுக்குக் கத்துக்குடுத்தது நான். குளிர் அறையோட சூட்டை ரெண்டு மணிக்கு ஒருதரம் எழுதி வெச்சது நான். பேருதான் விளக்கு மேசைக்காரி. மீன் கெட்டுப்போச்சான்னு பாக்கறதுக்கு முன்னாடியே என் மூக்கு சொல்லிடும். ஊர்ல நான் ஆய்வுக்கூடத்துல இருந்தவ. காயிதம் என்கிட்ட இல்ல, கண்ணு இருக்கு."

யோஸ்தைன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். திரையில் பெர்னில்லே சிரித்தாள், தலையாட்டினாள், விடாமல் எதையோ தட்டச்சு செய்தாள். முடிந்து வெளியே வந்தபோது அப்ரெஹெத்துக்குக் காது மடல் எரிந்தது. தன் வாயால் தன்னைப் பற்றி இவ்வளவு பேசியது வெட்கமாகவும் இருந்தது, மனதுக்குக் குளிர்ச்சியாகவும் இருந்தது. அடிஸ் அபாபாவுக்குக் கூப்பிட்டு, "நல்லாப் பண்ணிட்டேன்" என்று மகளிடம் சொன்னாள். அங்கே எவ்வளவு குளிரும் என்று வின்தா கேட்டாள். "உன் மூக்கு விழுந்துடும்" என்றாள் தாய். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, சூரியன் திரும்புகிற நாளில் கடிதம் வந்தது. இரண்டு மாதமாக எட்டிப் பார்க்காத சூரியன் அன்று மலைக்குமேல் தலையைக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றார்கள். மேகம் மறைத்துவிட்டது, எதுவும் தெரியவில்லை. அப்ரெஹெத் கடையின் வாசலில் நின்று தொலைபேசியில் கடிதத்தைப் படித்தாள். 'உன் ஆர்வத்துக்கு நன்றி. இந்த முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.' இரண்டே வரி. 'இந்த முறை' என்கிறார்கள். அடுத்த முறை எப்போது, ஏப்ரல் ஒன்பதுக்கு முன்னாலா?

அங்கேயே நின்று பெர்னில்லேயின் எண்ணை அழுத்தினாள்.

"பொதுவா நாங்க காரணம் சொல்றதில்ல" என்றாள் பெர்னில்லே. கெட்ட பெண் இல்லை, குரலில் சங்கடம் இருந்தது. "ஆனா உனக்குச் சொல்லணும்னு தோணுது. நேர்காணல்ல நீதான் முதல். யோஸ்தைன் உன்னைத்தான் கேட்டாரு."

"பின்ன?"

"பரிந்துரையிலதான் போச்சு. முதல் ஆளு ஸ்பெயின்ல இருக்காரு போல, மூணு தடவை அடிச்சேன், எடுக்கல. ரெண்டாவது ஆள்கிட்ட பேசினேன். எங்ககிட்ட ஒரு படிவம் இருக்கு, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும். அவரு எல்லாத்துக்கும் மூணு குடுத்தாரு. மத்தவங்களுக்கெல்லாம் நாலும் அஞ்சுமா வந்திருக்கு. சராசரி நாலுக்குக் கீழ இருந்தா கம்ப்யூட்டரே பேரை எடுத்துடும்."

அப்ரெஹெத் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

"கடைசியில உங்க சொந்த வார்த்தையில ஏதாவது சொல்லுங்கன்னும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமலே இருந்தாரு. அப்புறம் 'மோசமில்ல'ன்னாரு. அதுக்குமேல நான் என்ன எழுத முடியும், சொல்லு?"

"அவருக்குத் திரும்ப ஒரு போன் பண்ணு. தயவு செஞ்சு. அவரு சொன்னதுக்கு அர்த்தம் வேற."

"நேத்தே ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சு" என்றாள் பெர்னில்லே. "அடுத்த தடவை, உன்னை நல்லாத் தெரிஞ்ச ஆளா பாத்துப் பேரைக் குடு."

ஹில்மாரின் வீடு துறைமுகத்தை ஒட்டி, மஞ்சள் பெயின்ட் உரிந்த வீடு. அப்ரெஹெத் பனியில் வழுக்கி வழுக்கி அங்கே போனாள். போகிற வழியெல்லாம் சொல்லப்போகிற வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள். பதினொரு வருஷம் மீன் ஆலையில் கேட்ட வசவெல்லாம் மனப்பாடம், அந்த ஊர் மீனவர்கள் வாயைத் திறந்தால் காது கூசும். அத்தனையையும் அந்தக் கிழவன் முகத்தில் வீசிவிடுவது என்றுதான் போனாள். அவளுக்கு அப்போது அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கதவைத் திறந்த ஹில்மார் கம்பளிக் காலுறையோடு நின்றான். உள்ளே காப்பி மணம். மேசைமேல் தட்டில் சூரிய நாளுக்கான பன்கள், நடுவில் சிவப்பு ஜாம்.

"வா, புழுக்காரி. சூரியன்தான் வரல, நீயாச்சும் வந்தியே. பூட்ஸைக் கழட்டு."

அவள் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உனக்கு போன் வந்துச்சா?" என்றாள்.

அவன் முகம் சட்டென்று மாறியது. கள்ளத்தனம் பிடிபட்ட மாதிரி கழுத்துவரை சிவந்தான். "சொல்லிட்டாங்களா உன்கிட்ட? சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன்." காப்பிக் கெண்டியைத் தூக்கினான், ஊற்றாமலே திரும்ப வைத்தான். "போன வாரம் ஒரு தெக்கத்திப் பொண்ணு கூப்பிட்டுச்சு. எல்லாத்துக்கும் நம்பர் கேக்குது. மார்த்தே குடுத்த அதே தாளு. உன் வேலை எப்படின்னுச்சு. மூணுன்னேன். நேரத்துக்கு வருவாளான்னுச்சு. மூணுன்னேன். பொறுப்பு எப்படி, மூணு. கேக்கக் கேக்க மூணு, மூணுன்னு அடிச்சு விட்டேன். எனக்கே கூச்சமாப் போச்சு."

"மூணா?" என்றாள் அப்ரெஹெத்.

ஹில்மார் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான்.

"ஜாஸ்தியாச் சொல்லிட்டேனா? எல்லாத்துக்கும் மூணு போட்டா நம்பமாட்டாங்கன்னு எனக்கும் தோணுச்சு. ஒண்ணு ரெண்டைக் கொறைச்சிருக்கணும். ஆனா உன் மக ஞாபகம் வந்துச்சு. பொய் சொன்னா சொன்னதா இருக்கட்டும்னு விட்டுட்டேன். பொய்யும் இல்ல அது." காலுறையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கே நான் ரெண்டுதான் போட்டேன். நீயே பாத்தே இல்ல."

அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றுகூட அவளுக்கு வாயில் வரவில்லை. கிழவன் தன் ஆயுசிலேயே யாருக்கும் கொடுக்காததை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண் அதைக் கழித்துப் போட்டுவிட்டாள். இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? நூலக மாடியில் சேர்ந்து சிரித்துவிட்டு, போன் வந்தால் அஞ்சு என்று சொல்லு கிழவா என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்காத தன்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"கடைசியில ஒண்ணு கேட்டுச்சு" என்றான் ஹில்மார். "என் சொந்த வார்த்தையில இவ எப்படின்னு. நான் உடனே சொல்லல, யோசிச்சுத்தான் சொன்னேன். என்ன சொன்னேன்னு உன்கிட்ட சொல்லமாட்டேன். உனக்குத் தலைக்கனம் ஏறிடும்."

"சொல்லாத" என்றாள் அப்ரெஹெத்.

"பதில் எப்ப வருமாம்?"

அவள் கோட்டுப் பையில் தொலைபேசி இருந்தது. அதில் அந்த இரண்டு வரிகள் இருந்தன. "இன்னும் வரல" என்றாள்.

"வரும் வரும். வேற யாருக்குப் போகப்போகுது." அவன் திரும்பி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸை எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே ஆட்டுரோமம் வைத்தது. புதுசு இல்லை, ஆனால் அடிப்பாகம் மாற்றி எண்ணெய் தேய்த்து வைத்திருந்தான். "என் பொண்டாட்டியோடது. சைஸ் முப்பத்தெட்டு. உன் மகளுக்கு முப்பத்தெட்டுன்னு அன்னிக்குச் சொன்னே. ஏப்ரல்ல வந்து எறங்குனா அப்பவும் பனி கெடக்கும். அந்த ஊர்ச் செருப்போட விட்டுறாத பிள்ளைய."

அவள் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ஹில்மாருக்கு மனம் ஆறவில்லை. "நெசமாச் சொல்லு" என்றான். "அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசினது சரியா? எனக்கு இந்த மாதிரி பேசிப் பழக்கம் இல்ல. சொதப்பிட்டேனோன்னு ஒரு வாரமா ஒரே யோசனை."

அப்ரெஹெத் அவனைப் பார்த்தாள். அறுபத்தொரு வயது, கத்தி பிடித்துப் பிடித்து விரல்கள் வளைந்துபோன கை, தேர்வு எழுதிவிட்டு வந்தவன் மாதிரி நிற்கிறான். அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. போகவில்லை, பின்னாளிலும் போகவில்லை.

"மோசமில்ல" என்றாள்.

ஹில்மார் கெண்டியை எடுத்தான், கோப்பையில் ஊற்றினான், வழிந்து தட்டில் கொட்டுவதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மேகம் கொஞ்சம் விலகுகிற மாதிரி இருக்கிறது என்றான்.

விலகவில்லை. அவள் தன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அடிஸ் அபாபாவில் வின்தா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியிருப்பாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் வழக்கம்போல் கூப்பிடுவாள், என்ன ஆச்சு என்று கேட்பாள். மகளுக்கான பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அப்ரெஹெத் ஒரு பன்னை எடுத்துப் பிட்டாள்.